தயார் ஆகாத வீரன்

தாமரைக்கோட்டையில் மாளிகைகளுக்குக் குறைவில்லை, யானைகளுக்குக் குறைவில்லை. குடிக்கத் தண்ணீர்தான் இல்லை. மலைமேல் இருந்த சுனையின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு பூதம் ஜம்மென்று படுத்துவிட்டது. "என்னைத் தோற்கடியுங்கள், போகிறேன்" என்று சொல்லிவிட்டு அது குறட்டை விட்டது.

முதலில் போனவன் தளபதி சண்டமாருதன். மீசையை முறுக்கினான், சுனையடிக் களத்தில் குதித்தான், "தயார்!" என்று கத்தினான். கண்மூடித் திறப்பதற்குள் புளியமரத்து உச்சியில் தொங்கினான். அவனை இறக்க ஏணி எட்டாமல், கடைசியில் யானையைக் கொண்டுவந்தார்கள்.

அடுத்து, பூதத்தை வென்று வரும்படி ராஜா வச்சிரகேசரி தாம்பூலம் கொடுத்தது காத்தமுத்துவுக்கு. மதயானையின் தந்தத்தைப் பிடித்து நிறுத்துகிற பலசாலி. ஆனால் சரிபார்க்காமல் ஒரு துரும்பைக்கூட எடுக்கமாட்டான். ராஜா கொடுத்த வெற்றிலையையே பூச்சி இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் வாங்கினான். கேடயம் உடைந்தால் என்ன செய்வது என்று இன்னொரு கேடயம் செய்யச் சொன்னான். அதுவும் உடைந்தால்? அதற்கும் ஒன்று. கோடை பிறந்தது, கிணறுகள் வற்றின, இவன் இன்னும் வேல்முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இதைப் பார்த்துப் பார்த்துத் தவித்தவள் செண்பகவடிவு. சபையில் விகடம் பேசி ராஜாவைச் சிரிக்கவைப்பது அவள் வேலை. காத்தமுத்து அவளுடைய மாமன் மகன், நிச்சயம் செய்த மாப்பிள்ளை. பந்தல்கால் ஆடுகிறது என்றும், மணை சாய்ந்திருக்கிறது என்றும் அவன் முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்டே வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் அந்த மனுஷன்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம்.

ஒருநாள் தளபதி சபையில் பொங்கினான். "மகாராஜா, இவன் வீரனே இல்லை, பயந்தாங்கொள்ளி! வரும் பௌர்ணமிக்குள் சுனை திறக்காவிட்டால் இவனை நாடு கடத்துங்கள்!"

ராஜாவுக்கும் தொண்டை வறண்டிருந்தது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

வடிவுக்குப் பகீரென்றது. போகாவிட்டால் நாடு கடத்துவார்கள். அவசரப்பட்டுப் போனால் பூதம் நார்நாராகக் கிழித்துவிடும். எப்படிப் பார்த்தாலும் அத்தான் கைவிட்டுப் போய்விடுவார். அழுகையை விழுங்கிக்கொண்டு தளபதி பக்கம் திரும்பினாள்.

"தளபதியாரே, பூதம் உங்களை எப்போது தூக்கி எறிந்தது?"

"தயார் என்று சொன்னதும்."

"ஏன், அதற்கு முன்னால் கை வலித்ததாமா?"

"இதுகூடத் தெரியாதா? எதிராளி களத்தில் இறங்கித் தயார் என்று சொல்லும்வரை பூதம் அடிக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, உட்காரக் கூடாது. களத்தைவிட்டு நகர்ந்தால் தோற்றதாகக் கணக்கு. அது பூத குலத்து வழக்கம்."

வடிவின் முகத்தில் பளிச்சென்று சிரிப்பு. "மகாராஜா, அத்தானை நாளைக்கே அனுப்புங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். யாரும் அவரை அவசரப்படுத்தக் கூடாது."

மறுநாள் ஊரே மலையில் கூடியது. காத்தமுத்து மூட்டை முடிச்சுகளோடு களத்தில் இறங்கினான். பூதம் எழுந்து, சுனை வாயிலேயே காலூன்றி நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டது. "தயாரா?"

"ஒரு நிமிஷம்" என்றான் காத்தமுத்து. குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தான். கல் பொறுக்கினான். முதல் கேடயத்தின் வாரை இழுத்துப் பார்த்தான்.

பொழுது சாய்ந்தது. மறுபடி விடிந்தது. அவன் இரண்டாவது கேடயத்துக்கு வந்திருந்தான். நாட்கள் போகப்போகப் பூதத்தின் தொந்தி வற்றியது, கால்கள் வெடவெடத்தன.

"ஐயா, புண்ணியவானே, இப்போதாவது தயாரா?"

"இதோ, ஆயிற்று" என்று காத்தமுத்து நிமிர்ந்தான். எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் ஒன்றுமில்லை. சொல்லப் போகிறான்! வாயைத் திறந்துவிட்டான்! பூதம் கையை ஓங்கத் தயாராயிற்று. வடிவுக்கு உயிரே போய் வந்தது.

"அத்தான்!" என்று கத்தினாள். "கச்சைக்கு உள்முடிச்சு போட்டீங்களா?"

காத்தமுத்து திடுக்கிட்டான். "ஐயையோ, நல்லவேளை ஞாபகப்படுத்தினே வடிவு!" கவசம், கச்சை, காலணி, எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடி தரையைத் தட்டினான்.

அவ்வளவுதான். பூதம் ஓவென்று அழுதது. "நான் தோற்றேன்! என்னை விடுங்கள்!" என்று கத்திக்கொண்டு களத்தைத் தாண்டி ஓடியது. சுனை குபுகுபுவென்று பாய்ந்தது. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

ஓடிய பூதம் வடிவின் முன்னால் வந்ததும் நின்றது. "அம்மா, இவர் உனக்கு யார்?"

"கட்டிக்கப் போறவர்."

"எத்தனை நாளாக் காத்திருக்கே?"

"வருஷக்கணக்கா."

பூதம் அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. "தாயே, உன் பலத்துக்கு முன்னால் நானெல்லாம் எந்த மூலைக்கு!" என்று கும்பிட்டுவிட்டு மலையேறி மறைந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வடிவு, என்ன பரிசு வேண்டும், கேள்."

அவள் காத்தமுத்துவைத்தான் பார்த்தாள். வருஷக்கணக்கா என்று அவள் சொன்னதைக் கேட்டு அவன் முகம் சுருங்கிப்போயிருந்தது. கையிலிருந்த கேடயத்தைக் கீழே போட்டான். அது எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. தரையைத் தட்டிப் பார்க்காமல் நேராக அவளிடம் நடந்து வந்தான்.

"வடிவு," என்றான், "நான் தயார்!"

அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், தளபதி சண்டமாருதன் பக்கத்தில் நின்ற புளியமரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.