துண்டு கிடந்த இலை

“இது அநியாயம், அம்மா,” என்றார் அய்யலுசாமி, கும்பிடக்கூட மறந்து.

மடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஞானவடிவம்மா நிமிரவில்லை. வயதில் அவரைவிட இளையவர்தான். ஆனாலும் அய்யலுசாமிக்கு அவர்தான் குரு.

“என்ன அநியாயம்?”

“சோலார் தகடு மாட்டி ரெண்டு வருசமாச்சு. வெயில் கொளுத்துது; ஒரு பல்பு எரியல. கரண்ட்டைக் கொண்டுபோகக் கம்பியில இடமில்லையாம். மின்வாரியத்துக்காரன் வரிசையில நில்லுங்கிறான்.”

“நிக்க வேண்டியதுதானே.”

“முன்னால நிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு நிலமே கிடையாதும்மா. சும்மா மனுவைப் போட்டு இடம் பிடிச்சு வச்சிருக்கானுங்க. எனக்கு நிலம் கொடுத்த சம்சாரிங்க, சித்திரைக்குள்ள கரண்ட் போகலன்னா தகட்டைப் பிடுங்கிட்டு உழுதுருவோம்ங்கிறாங்க.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“நானும் விடல. பக்கத்துத் தாலுகாவுல இன்னும் ரெண்டு மனுப் போட்டு வச்சிருக்கேன். நிலம் பிறகு பார்த்துக்கலாம். இடம் போயிடக் கூடாதுல்ல?”

அம்மா கீரையை ஓரமாக வைத்தார்.

“பந்தி போட்டாச்சு. கை கழுவிட்டு வாங்க.”

அன்று அமாவாசை, அன்னதானத்துக்கு நல்ல கூட்டம். மூன்று வரிசையாக இலை விரித்திருந்தார்கள். எதில் சோறு முதலில் வருமோ யார் கண்டது? அய்யலுசாமி கெட்டிக்காரர். முதல் வரிசையில் துண்டைப் போட்டார், இரண்டாவதில் பையை வைத்தார், மூன்றாவதில் குடையைச் சாய்த்தார். பிறகுதான் கை கழுவப் போனார்.

திரும்பி வந்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலைக்கு இலை கைக்குட்டை, சாவி, தண்ணீர் பாட்டில். ஆளைக் காணோம். சுவரோரமாகப் பசித்த ஜனம் நின்றது. சோற்று வாளியோடு அம்மாவும் நின்றார்.

“ஏன் பரிமாறாம நிக்கிறீங்க?”

“எல்லா இலைக்கும் ஆள் இருக்காம். வரட்டும்னு நிக்கிறேன்.”

“ஆளில்லாத இலைக்கு என்னம்மா மரியாதை? எல்லாத்தையும் தூக்கி எறியுங்க.”

“நீங்களே எறியுங்க.”

அய்யலுசாமி வேகமாகக் காரியத்தில் இறங்கினார். கைக்குட்டை பறந்தது. சாவி பறந்தது. தன் துண்டு கிடந்த இலையை மட்டும் தாண்டிப் போனார். சுவரோரத்து ஜனம் ஒவ்வொருவராக உட்கார, அம்மா பின்னாலேயே சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டாவது வரிசையில் ஒரு பை. அய்யலுசாமியின் கை நின்றது. பக்கத்திலேயே ஒரு கைப்பிள்ளைக்காரி காத்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் நின்னுட்டீங்க?” என்றார் அம்மா.

அவர் பையை எடுத்தார். அவள் உட்கார்ந்தாள்.

மூன்றாவது வரிசைக்குப் போய்க் குடையையும் எடுத்தார். பிறகு வெளியே வந்து, ஆபீசில் இருந்த குருவய்யாவுக்குப் போன் போட்டார்.

“பக்கத்துத் தாலுகா மனு ரெண்டையும் வாபஸ் வாங்கு.”

“மொதலாளி, அங்க நாமதான் முதல்ல நிக்கிறோம்.”

“தெரியும்,” என்றார் அய்யலுசாமி. “நமக்குப் பின்னால யாரு நிக்கிறா?”