குறையில்லாத கட்டை

“மாஸ்டர், இதுல குறை எங்கீங்க இருக்குது?”

கேட்டவர் கிட்டுச்சாமி. கேட்கப்பட்டவர் பெனிட்டா.

சிஷ்யருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதில் கிட்டுச்சாமிக்குச் சங்கடம் ஒன்றும் கிடையாது. வேலை தெரிந்தவர் யாரோ அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டே பழகிய வாய் அது.

இடம் போத்தனூரில் பெனிட்டாவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. ரைஃபிள் கிளப்புகளில் சுடுகிறவர்களுக்குத் துப்பாக்கியின் மரக்கட்டையைச் செய்து கொடுப்பது பெனிட்டாவின் தொழில். துப்பாக்கியில் இரும்பைத் தாங்குவது அந்தக் கட்டை. தோளில் முட்டுவது அதுதான். கன்னத்தைச் சாய்த்துக் குறி பார்ப்பதும் அதில்தான்.

கிட்டுச்சாமி பெஞ்சின் மேல் வைத்திருந்ததும் அப்படி ஒரு கட்டை. வாகை மரம். இங்கே வந்து பாடம் கேட்டு, தன் வீட்டுக் கார் ஷெட்டில், காரை மழையில் நிறுத்திவிட்டு, மாதக்கணக்கில் செதுக்கியது.

பெனிட்டா அதை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். இரும்பு உட்காரும் பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

“குறை இல்லை அண்ணா.”

“நல்லாப் பாருங்க.”

“பார்த்துட்டேன். இந்த வளைவுல நானா இருந்தா ஒரு மயிரிழை விட்டிருப்பேன். நீங்க விடலை.”

வேறொரு நாளாக இருந்தால் இந்த ஒரு வார்த்தைக்குக் கிட்டுச்சாமியின் கால் தரையில் பாவியிருக்காது. அன்றைக்கு முகம் இன்னும் தொங்கிப்போயிற்று.

“அப்புறம் ஏனுங்க அவ இதைத் தொட மாட்டேங்கறா?”

அவ என்றால் தெய்வானை, அவருடைய மனைவி. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, யாரோ தோழி இழுத்தாள் என்று கிளப்புக்குப் போய் ஏர் ரைஃபிளைத் தூக்கினாள். முதல் நாள் சுட்டுவிட்டு வந்தவள், துளை விழுந்த அட்டையைப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று ஆசைப்பட்டுக் கிட்டுச்சாமி பார்த்தது அது ஒன்றைத்தான்.

பிறகு கழுத்து வலி வந்தது. அட்டையில் துளைகள் ஓரத்துக்குப் போயின. தைலம் தேய்த்துக்கொண்டு பேசாமல் படுத்துவிடுவாள்.

கிளப்புத் துப்பாக்கியின் கட்டை அவளுக்கு ஆகவில்லை என்று கிட்டுச்சாமி முடிவு கட்டினார். முடிவு கட்டினால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பவுண்டரியில் ஆயுசு முழுக்கப் பேட்டர்ன் செய்தவர். வார்க்கப்போகும் இரும்பை முதலில் மரத்தில் செய்து பார்க்கிற வேலை அது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு மரத்தில் கூட்டி வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

பாடம் கேட்க வந்த முதல் நாள் பெனிட்டா சொன்னார்: “அவங்களை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க அண்ணா.”

“வேண்டாமுங்க. முடிச்சுக் கையில குடுக்கறப்பதான் அவளுக்குத் தெரியோணும்.”

ஆகவே ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையை அளந்தார், தன் தோளை அளந்தார், தன் கழுத்தை அளந்தார். தெய்வானை தன் காது மட்டத்துக்கு வருவாள். அந்தக் கணக்கில் எல்லாவற்றையும் சுருக்கினார். கட்டை தயார்.

கொடுத்த அன்று தெய்வானை, “ரொம்ப நல்லாயிருக்குதுங்க” என்றாள். ஒரு வாரம் கிளப்புக்கு எடுத்துப் போனாள். அப்புறம் அது பீரோ மேல் ஏறிவிட்டது. நேற்று ராத்திரி சோறு போடும்போது, “இந்த மாசத்தோட கிளப்பை நிறுத்திக்கறேனுங்க” என்றாள்.

கிட்டுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

“அவ நிறுத்தக் கூடாதுங்க மாஸ்டர். அதுக்குத்தான் வந்தேன். குறையைக் காட்டுங்க, சரி பண்ணிடறேன்.”

பெனிட்டா கட்டையைப் பெஞ்சில் வைத்தார்.

“அண்ணா, எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க.”

“உங்களுக்கா? இந்தக் கொட்டாய் பூராக் கட்டையா கெடக்குதேங்க.”

“எல்லாம் அடுத்தவங்களோடது. எனக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கவே இல்லை.”

வந்த காரியம் என்ன, இவர் சொல்வது என்ன என்று கிட்டுச்சாமிக்குக் குழப்பம். ஆனாலும் மாஸ்டர் தன்னிடம் கேட்கிறார். சட்டைப் பையிலிருந்து டேப் தானாக வெளியே வந்துவிட்டது.

“நில்லுங்க. முழங்கையை மடக்குங்க. தோள்ல எந்த எடத்துல முட்டுனா உங்களுக்குச் சுகமா இருக்கும்?”

“இங்கே.”

“இன்னும் உள்ளயா, வெளியவா?”

“கொஞ்சம் உள்ளே.”

“கழுத்தைச் சாயுங்க. வலிக்குதா?”

“இல்லை.”

“இப்ப?”

“இப்ப இழுக்குது.”

“அப்ப கன்னத்துக்கு மரத்தை ஒசத்தோணும். குளிர்காலத்துல கோட்டு கீட்டு போட்டுட்டுச் சுடுவீங்களா?”

“போடுவேன்.”

“நல்ல வேளை கேட்டேன்.”

கிட்டுச்சாமிக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. பெனிட்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். விரலை விரிக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார். மாஸ்டருக்குச் செய்கிற கட்டையில் தப்பு வந்தால் மானம் போய்விடும் அல்லவா, அதனால் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

“குறி பாக்கறது எந்தக் கண்ணுல?”

“வலது.”

“நிச்சயந்தானுங்களா?”

பெனிட்டா சிரித்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் சின்னதாக ஓர் ஓட்டை விட்டார். அதன் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். பார்த்தபடியே கையை மெல்ல முகத்துக்குக் கொண்டுவந்தார். ஓட்டை வலது கண்ணில் வந்து நின்றது.

“ரெண்டு கண்ணுல எது குறி பார்க்குதுன்னு கையே காட்டிக் குடுத்துடும். அக்காவுக்கு எந்தக் கண்ணு?”

“வலதுதானுங்க. சோத்துக்கை வலதுதானே.”

“கையைக் கேக்கலை அண்ணா.”

கிட்டுச்சாமியின் கையில் டேப் பாதியில் நின்றது.

“கழுத்து எந்தப் பக்கம் வலிக்குதாம்?”

கிட்டுச்சாமி டேப்பைப் பார்த்தார். அதில் எழுதியிருக்கப் போகிறதா என்ன.

பெனிட்டா அவர் கையிலிருந்த டேப்பை வாங்கினார். நிதானமாகச் சுருட்டினார். கிட்டுச்சாமியின் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டார்.

“என்னுது அவசரமில்லை அண்ணா.”

கட்டையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுக் கிட்டுச்சாமி கிளம்பினார். காரை எடுக்கும்போது பின்னால் இருந்த பூந்தொட்டியை இடித்ததுகூட அவருக்குத் தெரியாது.

வீட்டில் தெய்வானை சமையலறைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி, கழுத்து எந்தப் பக்கம் வலிக்குது?”

அவள் தலை நிமிர்ந்து, இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்தாள்.

“இடது பக்கமுங்க. புடிச்சு இழுக்கற மாதிரி.”

“கட்டையில சாயறப்பவா?”

“சாஞ்சா எங்க தெரியுது? இன்னும் சாயோணும். மூக்கு வந்து மரத்தைத் தாண்டோணும். அப்பத்தான் குறியே தெரியுது.”

“நான் செஞ்சதுலயுமா?”

தெய்வானை வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அதுல கன்னத்துக்கிட்ட நல்லா மேடு வெச்சிருக்கீங்க. தாண்டவே முடியறதில்லைங்க.”

“ஏன் சொல்லலை?”

“காரை மழையில நிறுத்திட்டுச் செஞ்சீங்க. தடவித் தடவிப் பாத்துட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?”

கிட்டுச்சாமி அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டி, ஓட்டை விட்டுக் காட்டினார்.

“இப்படி வெச்சு என்னையப் பாரு. பாத்துக்கிட்டே கையை மூஞ்சிக்குக் கொண்டா.”

“கையெல்லாம் வெங்காயமுங்க.”

“பரவால்ல, பாரு.”

தெய்வானைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள், ஓட்டை வழியாக அவரைப் பார்த்தாள், மெல்ல மெல்லக் கையை இழுத்தாள்.

கை இடது கண்ணில் போய் நின்றது.

கிட்டுச்சாமி இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். மறுபடியும் இடது கண். ஓட்டைக்குள்ளே வெங்காயத்தில் கலங்கிய ஒற்றைக் கண், அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இடது கண்ணு. அப்ப இடது தோள்லதான் வெக்கோணும். மேடு மறுபக்கம் வரோணும். எல்லாமே மாத்தியாகோணும்.”

“கிளப்புல எல்லாருமே வலதுலதான் வெச்சுச் சுடறாங்க.”

“அவங்க சுடட்டும்.”

தெய்வானை கையை இறக்கினாள்.

“அப்ப அந்தக் கட்டை?”

“அது எனக்குச் செஞ்சது, அம்மிணி.”

“உங்களுக்குச் சேராதே. சின்னதா இருக்குமே.”

“சேராதுதான்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். இத்தனை மாத உழைப்பு வீணாய்ப் போயிற்று என்று யாரும் நம்ப முடியாத சிரிப்பு. நெஞ்சில் அவ்வளவு நிறைவாக இருந்தது. கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, தப்பும் தவறுமாக உரிக்க ஆரம்பித்தார்.

“துப்பாக்கியத் தூக்குனா எது முதல்ல வலிக்குது? கையா, தோளா?”

“தோளு. அப்புறம் மணிக்கட்டு.”

“கட்டைவெரலை எங்க வெச்சா சுகமா இருக்குது?”

தெய்வானை கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“ஒவ்வொண்ணாக் கேளுங்க,” என்றாள்.