எதிர்வரிசையில ம் கொட்டினது யாரு

ரொம்ப காலத்துக்கு முன்னாடி நெடுங்கரைச் சீமையை விடங்கன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நல்ல மனுஷன். அதுக்கப்புறம் அவருக்குக் கதை கேக்கணும்.

கதை சொல்றது ஆலங்காடர்னு சபையில ஒரு பெரிய மனுஷர். ம் கொட்டுறது சடையாண்டி. கேக்குறவன் ம் கொட்டலைன்னா கதை நின்னுடும் இல்லையா? ராஜா பாதியில தூங்கிடுவாரு. அதனால அவருக்குப் பதிலா இருபது வருஷமா சடையாண்டிதான் கொட்டுறான். நீதி சொல்ற நேரத்துக்கு மட்டும் ராஜா கரெக்டா முழிச்சுக்குவாரு.

ஒருநாள் நரிக் கதை முடிஞ்சதும் கேட்டாரு: "நம்ம சபையில யாருய்யா அந்த நரி?"

ஆலங்காடர் யோசிக்கவே இல்லை. தனக்கு ஆகாத களஞ்சியக்காரரைக் கை காட்டினாரு. அன்னிக்கே அவரை வடக்கு வாசல் வழியா காட்டுக்குத் துரத்திட்டாங்க. ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடிச்சுப்போச்சு. ஆறு கதை, ஆறு ஆளு. ஆறாவது, இருமல்காரக் கிழவர், வைத்தியர் உலகளந்தார். வஞ்சகக் கொக்கு அவருதான்னு தீர்ப்பு. அவரு செஞ்ச வஞ்சகம், "உனக்கு வியாதி ஒண்ணுமில்லய்யா, தீனியைக் குறை"ன்னு ஆலங்காடர்கிட்ட சொன்னது.

போனவங்க தலைப்பாகை எதிர்வரிசையில அவங்கவங்க ஆசனத்துமேலயே இருக்கட்டும்னு ராஜா உத்தரவு. பாக்குறவங்களுக்குப் புத்தி வருமாம். புத்தி வந்துச்சோ இல்லையோ, எதிர்வரிசையை யாரும் நிமிர்ந்து பாக்குறதை விட்டுட்டாங்க.

இந்த நிலைமையில ஒருநாள் ஆலங்காடர் சொன்ன நீதிக்கு சடையாண்டி போட்ட ம் கொஞ்சம் நீண்டு, கிண்டலாட்டம் கேட்டுடுச்சு. ராஜா சிரிச்சுட்டாரு. மறுநாள் சபை கூடுறதுக்கு முன்னாடி ஆலங்காடர் அவன் தோள்ல கை போட்டாரு.

"சடையாண்டி, இன்னிக்கு வாயடக்கம் இல்லாத கழுதை கதை. உனக்குப் பிடிக்கும்."

"கழுதை கடைசியில என்ன சாமி ஆகும்?"

"காட்டுக்குப் போகும்."

கழுதை யாருன்னு சடையாண்டிக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா அவனுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயம் இருந்துச்சு. அவன் சாய்ஞ்சு உக்கார்ற கல்தூண்ல உதட்டை ஒட்டி ம்னு சொன்னா, சத்தம் மேல்வளைவோட ஓடி எதிர்வரிசையில போய்க் கேக்கும். இருபது வருஷம் ஒரே இடத்துல உக்காந்தவன் இதைக்கூடக் கண்டுபிடிக்கலைன்னா எப்படி?

வெயிலுக்காக மண்டபத்துக் கதவெல்லாம் சாத்தியிருந்துச்சு. காத்தே இல்லை. ஆலங்காடர் ஆரம்பிச்சாரு: "ஒரு ஊர்ல ஒரு கழுதை..."

"ம்."

காலி ஆசனங்கள் பக்கத்துல இருந்து வந்துச்சு. ஆலங்காடர் அந்தப் பக்கம் ஒரு தடவை பாத்துட்டுத் தொடர்ந்தாரு. "அதுக்கு வாய் நீளம்..."

"ம்."

ராஜாவுக்குத் தூக்கம் போச்சு. "சடையாண்டி, நீயா?"

"நான் இன்னும் வாயே தொறக்கலை மகாராஜா." பொய்யில்லை. ம் சொல்ல எதுக்கு வாயைத் தொறக்கணும்?

"அப்ப யாருப்பா?"

"அந்த ஆசனங்கள்ல இருந்து துரத்தினீங்களே, அவங்கதான். நீதியைச் சொன்ன உடனே இழுத்துட்டுப் போயிட்டாங்களே, அவங்க என்ன தப்பு செஞ்சாங்கன்னு யாரும் சொல்லலை. அதைக் கேக்க வந்திருக்காங்க. ஆமான்னா ம் கொட்டுவாங்க, இல்லைன்னா சும்மா இருப்பாங்க. நீங்களே கேட்டுப் பாருங்க."

ராஜா சிம்மாசனத்துல காலை மடக்கி வெச்சுக்கிட்டாரு. "நீங்க... தப்பு செஞ்சீங்களா?"

சத்தமே இல்லை.

"ஆலங்காடர் சொன்னது பொய்யா?"

"ம்."

"காத்து மகாராஜா, காத்து" அப்படின்னாரு ஆலங்காடர்.

"காத்து எங்கய்யா அடிக்குது? எனக்கு வேர்த்து ஊத்துது. சடையாண்டி, நீ வந்து என் பக்கத்துல நில்லு."

ராஜா கூப்பிட்டா போகாம முடியுமா? தூணை விட்டு எழுந்து வந்து சிம்மாசனத்துக்குப் பக்கத்துல நின்னான். ஆலங்காடர் ஒண்ணும் மடையர் இல்லை. தூணைப் பாத்தாரு, சடையாண்டியைப் பாத்தாரு.

"இப்பக் கேளுங்க மகாராஜா. இவன் வாயில நான் கையை வெச்சுக்கறேன். சத்தம் வரலைன்னா இவன் தலையை எனக்குக் குடுங்க."

வாயை இறுக்கப் பொத்தினாரு. அந்தக் கையில நெய் வாசனை. சடையாண்டி கண்ணை மூடிக்கிட்டான். வீட்டுல அவன் பொண்டாட்டி உலை வெச்சிருப்பா.

ராஜா எதிர்வரிசையைப் பாத்துக் கேட்டாரு. "உங்களைக் காட்டுக்கு அனுப்பினது... என் தப்பா?"

ரொம்ப நேரம் ஒண்ணுமில்லை. ஆலங்காடர் சிரிக்க ஆரம்பிச்சாரு.

"ம்."

ஆறாவது ஆசனத்துல இருந்து. சளி கட்டின, கிழட்டு ம். கூடவே ஒரு இருமல். ஆலங்காடர் கை தானா விழுந்துச்சு. சடையாண்டி திரும்பிப் பாக்கலை. பாக்குற தெம்பு அவனுக்கு இல்லை.

ராஜாவே இறங்கிப் போய் வடக்கு வாசலைத் தொறந்தாரு. நாலு நாள்ல ஆளுங்க போய், கரி சுடுறவங்க குடிசைகள்ல இருந்தவங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. அஞ்சு பேரு. வைத்தியர் காட்டுக்குப் போன மூணாம் நாளே செத்துட்டாராம். இலுப்பை மரத்தடியில புதைச்சுட்டோம்னாங்க.

ராஜா சடையாண்டியைத் தனியா கூப்பிட்டாரு. அவன் தூணைக் காட்டி உள்ளதைச் சொன்னான். "கெட்டிக்காரன்டா நீ"ன்னு முதுகுல தட்டினாரு. "சரி, கடைசியா ஒண்ணு கேட்டுச்சே, அது எப்படி?"

"அது நான் இல்லை மகாராஜா."

ராஜா எதிர்வரிசையை ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. அவனுக்கு நிலமும் குடுத்து சபையில ஆசனமும் போட்டாரு. சீமை முழுக்கத் தண்டோரா போட்டாங்க: கதை கேட்டா நீதியை அவனவன் தன் மடியில முடிஞ்சுக்கணும், அடுத்தவன் மடியில கட்டக்கூடாது. முதல்ல முடிஞ்சுக்கிட்டது ராஜாதான்.

ஆலங்காடரைத் துரத்தலை. அவரை ம் கொட்டுற வேலையில வெச்சாங்க. இடம், வைத்தியர் ஆசனத்துக்குப் பக்கத்துல. பயத்துல ராத்திரியெல்லாம் தூங்காத மனுஷர், மத்தியானக் கதையில சில நாள் அசந்துடுவாரு. ஆனா ம் இல்லாம அந்தச் சபையில கதை நின்னதா யாரும் சொல்லிக் கேட்டதில்லை.