ஊசி போன வழி

ஆவரங்காட்டு ஜமீனில் வேதமுத்து என்று ஒருத்தன். நிலப்படங்களை நகலெடுப்பது அவன் வேலை. அதற்கு மரச் சட்டங்களைக் கோத்த ஒரு கருவி வைத்திருந்தான். அதன் ஊசியைப் பழைய படத்தின் கோட்டில் ஓட்டினால், மறுமுனைப் பென்சில் அதையே இரண்டு மடங்காக வரையும்.

"புதுப் படத்துல ஊர் ஏரி என் எல்லைக்குள்ள இருக்கணும். நாளைக்குக் கலெக்டர் முத்திரை போட வர்றார். ஏரி வெளியே நின்னா நீ ஊர்லயே இருக்க மாட்டே" என்றார் ஜமீன்தார்.

வேதமுத்து உள்ளே போய்க் கருவியை எடுத்து வந்தான். ஊருக்கே அந்த ஏரித் தண்ணீர்தான்.

"கை நடுங்குதுங்க எஜமான், கோடு கோணிடும். ஊசியை நீங்களே பிடிங்க. பென்சிலை நான் பிடிக்கிறேன்."

படம் கிழியக் கூடாதென்று அந்த ஊசி எப்போதும் மொட்டையாகத்தான் இருக்கும். அன்று உள்ளே போனபோதே அதை அவன் தீட்டியிருந்தான். ஜமீன்தார் அதை அழுத்திப் பிடித்து, பழைய படத்தில் இருந்த ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

மறுநாள் புதுப் படத்தைப் பார்த்த கலெக்டர் புருவத்தைச் சுருக்கினார். "யார் வரைஞ்சது?"

"நானேதான். பழைய கோட்டை விட்டு ஊசி நூலளவும் விலகலை" என்றார் ஜமீன்தார்.

கலெக்டர் பழைய படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கினார். ஜமீன் எல்லையின் மைக்கோடு ஏரியை வெளியே விட்டு இந்தப் பக்கமே நின்றது. ஏரியைச் சுற்றிலும் காகிதம் கிழிந்து வெயில் தெரிந்தது.

ஜமீன்தார் வேதமுத்துவை முறைத்தார்.

"நான் பென்சில்தாங்க பிடிச்சேன்" என்றான் அவன். "அது ஊசி போன வழியிலதானே போகும்?"