நாய்க்குட்டி ஏன் கண் மூடிப் பிறக்கிறது

அந்தக் காலத்தில் நாயும் பத்து மாதம்தான் குட்டியைச் சுமந்தது. ஆடு, நாய், மண் என்று எல்லாமே பேசிய காலம் அது. சத்தத்துக்குக் குறைவில்லை.

இருளப்பக் கோனாருக்கு ஊர் ஊராகப் போய், வயலுக்கு உரமாக ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிற பிழைப்பு. கிடைக்குக் காவல் செவலை என்ற பெட்டை நாய். மார்கழியில் அது ஒரு கடுவன் நாயோடு சேர்ந்து சினையானது. வயிற்றில் ஆறு குட்டி. இரண்டு மாதத்திலேயே ஓட முடியவில்லை. நரி ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது, நாலடி துரத்திவிட்டு உட்கார்ந்துவிட்டது.

“இன்னும் எட்டு மாசம் இருக்கு. நாளைக்குக் கிடை பெயரும்போது இதை இங்கேயே விட்டுட்டுப் போவோம்” என்றார் கோனார்.

“வாயும் வயிறுமா இருக்கிறதை விட்டுட்டா?” என்றாள் அவர் மனைவி ராக்கு.

“நரிக்கு நீ பதில் சொல்றியா?”

கேட்டுக்கொண்டிருந்த செவலைக்கு அழுகை வந்தது. ஒதுக்குப்புறமாகப் போய் மண்ணைத் தோண்டியது. அரை முழம் போனதும் மண் முனகியது.

“எதுக்குடி என்னைப் பிறாண்டுற?”

“ஆத்தா, குட்டிகளை இப்பவே இறக்கி விட்டுடு. எங்க இனத்துக்கு ரெண்டு மாசம் போதும்.”

“ரெண்டு மாசத்துல கண்ணு திறக்காது, காது கேக்காது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

“கண்ணு திறக்கிற வரைக்கும் அதுகளுக்குக் கண்ணா நான் இருக்கேன்.”

“ஒருத்தரையும் கிட்ட விடக் கூடாது. உன் கோனாரையும்தான்.”

செவலை கொஞ்சம் தயங்கியது. பிறகு, “சரி ஆத்தா” என்றது.

பொழுது சாய்வதற்குள் அந்தக் குழியிலேயே ஆறும் பிறந்தன. கோனார் ஆசையாக ஒன்றைத் தூக்கக் குனிந்தார். அவர் கையால் தின்று வளர்ந்த செவலை அவரைப் பார்த்து உறுமியது. மனுஷர் ஆடிப்போனார்.

ராக்கு சிரித்துவிட்டாள். “பெத்தவ சொல்றா, கேட்டுக்கங்க. கிடை பத்துப் பன்னெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும்.”

இருந்தது. பன்னிரண்டாம் நாள் குட்டிகள் கண் திறந்ததும், செவலை ஒன்றைக் கவ்வி வந்து கோனாரின் மடியில் போட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் குட்டிகள் கூடையில் போக, செவலை கிடைக்கு முன்னால் ஓடியது.

அன்று முதல்தான் நாய் இரண்டே மாதத்தில் குட்டி போடுகிறது. போடுமுன் மண்ணைத் தோண்டுகிறது. குட்டியும் கண் மூடிப் பிறக்கிறது. அந்த நாட்களில் உங்கள் வீட்டு நாய் உங்களையே பார்த்து உறுமினால் தள்ளி நில்லுங்கள். உங்களை அதற்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் உறுமுகிறது.