இரண்டு பகல் தூரம்

உப்பு ஏரி வற்றிக்கொண்டிருந்தது. பூநாரைக் கூட்டம் தெற்கே கோடியக்கரைக்குப் பறந்துவிட்டது. முன்னால் போய் இடம் பிடிக்கிறேன் என்று அப்பா பூநாரையும் கிளம்பிவிட்டது. மிஞ்சியது தாயும், சில வாரங்களுக்கு முன்புதான் பறக்கப் பழகிய அதன் குஞ்சும்.

இருந்தால் தண்ணீர் இல்லை. கிளம்பினால் குஞ்சு தாங்குமா? தாய்க்கு இதே கவலை.

தலைக்கு மேலே ஒரு தகைவிலான் குருவி கொசு பிடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, கோடியக்கரை எவ்வளவு தூரம்?"

"ரெண்டே பகல் அக்கா! கண்ணை மூடிட்டுப் போகலாம்!"

"வழியிலே எங்கே இறங்கணும்?"

"எதுக்கு இறங்கணும்? நான் இறங்கினதே இல்லை!" பேச்சின் நடுவிலேயே குருவி இன்னொரு கொசுவை விழுங்கியது.

குருவி பறந்தபடியே சாப்பிடுவதைத் தாய் கவனிக்கவில்லை. தான் கேட்டது தூரம், கிடைத்தது நேரம் என்பதும் அதற்கு உறைக்கவில்லை. இரண்டு பகல் பட்டினி கிடந்தால் போயிற்று என்று விடிந்ததும் கிளம்பியது.

கீழே ஓர் ஏரி பளபளத்தது.

"அம்மா, இறங்கலாமா?"

"ஐயோ, வேண்டாம் கண்ணு! நாய் இருக்கும். நாளைக்கே போயிடுவோம்!"

அன்றிரவு ஒரு மொட்டைப் பாறையில் ஒண்டிக்கொண்டன.

மறுநாள் பொழுது சாய்ந்தது. கடல் தெரியவில்லை. உப்பு வாசனைகூட வரவில்லை.

"வந்துட்டோமா அம்மா?"

"இதோ!"

"வந்துட்டோமா?"

"இதோ, இதோ!"

அதற்குப் பிறகு குஞ்சு கேட்கவே இல்லை.

எதிரே ஒரு கூழைக்கடாப் பறவை வந்தது.

"அண்ணே! கோடியக்கரை இன்னும் எவ்வளவு தூரம்?"

"யாருக்கு?"

"யாருக்குன்னா? தூரம் எல்லாருக்கும் ஒண்ணுதானே!"

"தூரம் ஒண்ணுதாம்மா. எனக்கு மூணு பகல். உனக்கு நாலு. பின்னாடி வருதே, அது கீழே தெரியுற அந்த ஏரி வரைக்கும் வந்தாலே பெரிசு!" என்று சொல்லிவிட்டுக் கூழைக்கடா தன் வழியே போயிற்று.

தாய் திரும்பிப் பார்த்தது. குஞ்சின் ஒரு சிறகு தொங்கிவிட்டது. ஏரிக்கரையிலோ இரண்டு நாய்கள்! நடுங்கிக்கொண்டே தாய் ஏரி நடுவிலிருந்த மண்திட்டில் குஞ்சை இறக்கியது. நாய்கள் கரையில் நின்று குரைத்தன. ஆழத்துக்குப் பயந்து உள்ளே வரவில்லை. குஞ்சு சேற்றில் அலகைப் புதைத்து, நிமிராமல் தின்றது. தாய் தூங்காமல் காவல் நின்றது.

அதன் பிறகு குஞ்சு காட்டிய ஏரியில் எல்லாம் இறங்கின. பயம் ஒவ்வொரு ஏரியிலும் இருந்தது. ஆனாலும் இறங்கின.

பதினோராம் நாள் கோடியக்கரை வந்தது. அப்பா பூநாரை ஓடி வந்தது.

"ஏன் இவ்வளவு நாள்? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"சீக்கிரம் வந்திருந்தா, நான் தனியாத்தான் வந்திருப்பேன்" என்றது தாய்.

நீதி: பயணத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை, வழி சொல்பவரின் சிறகைக் கொண்டு அளக்காமல், உடன் வருபவர்களில் எளியவரின் சிறகைக் கொண்டே அளக்க வேண்டும்.