கொடுக்கு ஒடிக்காத நண்டு

"வெயில் காய்வதற்கு ஒரு மீனா?"

கேளுங்கள் பிள்ளைகளே, உடன் வந்த பெரியவர்களே. ஆறுகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலத்தில், ஒரு நாணல் புதருக்குள் எழுந்த பேச்சு இது. பேசியவள் நெட்டி என்னும் தாய் நீர்நாய். புதருக்கு அப்பால் தற்செயலாக நின்று கேட்டுவிட்டவள் கோரை என்னும் இன்னொரு நீர்நாய். அந்தக் கரையின் குட்டிகளுக்கெல்லாம் அவள்தான் வாத்தியாரம்மா. பாடம் சொல்லித் தரும் கூலியாக வீட்டுக்கு ஒரு மீன் அவளுக்குத் தருவது அந்தக் கரை வழக்கம்.

நெட்டி அத்தோடு நிறுத்தவில்லை. குட்டிகள் தம் பாட்டுக்கு விளையாடுகின்றன, இவள் பாறைமேல் படுத்துப் பார்க்கிறாள், பார்ப்பதற்கு நமக்குத் தெரியாதா என்று பக்கத்து வளையில் குடியிருந்தவளிடம் பொரிந்து தள்ளினாள்.

கோரைக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. தினமும் ஆழமில்லாத குட்டையாகத் தேடி, கூரான சிப்பிகளைப் பொறுக்கி எறிந்து, குட்டிகளின் வாய்க்கு அடங்கும் நண்டாகப் பிடித்து விடுவது யார்? எந்தக் குட்டி நேரே போய் மோதுகிறது, எது பக்கவாட்டில் தாவுகிறது, எது இன்னும் குளிருக்கே பயப்படுகிறது என்று கவனிப்பது யார்? ஆனாலும் எதிரே போய்க் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அந்தப் பேச்சை நிறுத்த, மறுநாளிலிருந்து பாறையை விட்டு இறங்கினாள். முதல் நாள், நண்டைத் துரத்திக் குட்டிகளின் பக்கம் தள்ளினாள். இரண்டாம் நாள், கொடுக்கை ஒடித்துத் தந்தாள். மூன்றாம் நாள், ஓட்டையும் உடைத்து ஊட்டியே விட்டாள். கரையில் நின்ற பெற்றோருக்கு ஏக சந்தோஷம்.

"இதல்லவா பாடம்" என்றாள் நெட்டி.

நான்காம் நாள் குட்டிகள் தண்ணீரில் இறங்கவே இல்லை. வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறந்து வைத்திருந்தன. நெட்டியின் மகன் துடுப்பன் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டான்.

"வாத்தியாரம்மா, இன்றைக்கு மென்றும் தருவீர்களா?"

கோரை தலையில் அடித்துக்கொண்டாள். மேற்கே மலைமேல் மேகம் கறுத்திருந்தது. புதுவெள்ளம் வந்தால் நீர் கலங்கும், மீன் கண்ணுக்குத் தெரியாது. பாறை இடுக்கில் கிடைக்கும் நண்டுதான் கதி. தாய்க்கே வயிறு நிறையாத நாட்கள் அவை. அக்கரையில் போன மழைக்கு, நண்டு பிடிக்கத் தெரியாத குட்டிகள் பட்டினியில் செத்தே போயின.

கோரை போய், கொடுக்கு ஒடிக்காத நண்டு ஒன்றைக் கொண்டுவந்து குட்டையில் விட்டாள். பாறையில் ஏறி உட்கார்ந்தாள்.

நெடுநேரம் காத்திருந்த துடுப்பன் பசி தாங்காமல் இறங்கினான். நேரே போனான், நண்டு மூக்கைக் கவ்வியது. பக்கவாட்டில் போனான், காலைக் கவ்வியது. அவன் போட்ட அலறலில் நெட்டி தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டாள்.

"கல்நெஞ்சக்காரி, பிடித்துக் கொடுத்தால் உன் கை தேய்ந்துவிடுமா?"

கோரை பாறையிலிருந்து குதித்து அவள் வாலைக் கவ்வி நிறுத்தினாள். பேசுவதற்காக வாலை விட வேண்டியிருந்தது.

"என் கை தேயாதடி. அவன் கைதான் பழகாது. மூக்கில் பட்டுவிட்டது, காலில் பட்டுவிட்டது. இனி எந்தப் பக்கம் போகிறான் என்று பார்."

துடுப்பன் அழுதுகொண்டே நண்டைச் சுற்றி வந்தான். அதன் பின்பக்கம் போய் நின்றான். முதுகை அமுக்கிப் பிடித்தான். கொடுக்கு இரண்டும் வெறும் தண்ணீரைத் துழாவின.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, குழந்தை தன் கையால் கற்க வேண்டியதை நாம் செய்து கொடுக்காமல், அதற்கு வேண்டியதை எதிரே வைத்துவிட்டுக் கண்ணால் காவல் இருப்பதே கற்பிப்பவரின் வேலை.

துடுப்பன் நண்டைத் தூக்கிக்கொண்டு தாயிடம் ஓடிவந்தான். ஓட்டை உடைத்துத் தரச் சொல்லி நீட்டினான். நெட்டி முன்கால் இரண்டையும் வயிற்றுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.